டெட்ராய்ட்டின் வகுப்பறைகளும் அவற்றைச் சுற்றிப் போட்ட கோடுகளும்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் நகரத்துப் பள்ளிகளைப் பற்றிப் பேச்சு வந்தால் வழக்கமாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1967ல் கலவரம் வெடித்தது, வெள்ளையர்கள் ஊரைக் காலி செய்தார்கள், கார் கம்பெனிகள் படுத்தன, வேலை போனது, குடும்பங்கள் நொடித்தன, பிள்ளைகளின் படிப்பும் கெட்டது. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கும். ஆனால் இந்தக் கதையில் யாரும் எதையும் செய்வதே இல்லை, கவனித்தீர்களா? எல்லாம் மழை வெயில் மாதிரி தானாக வந்து தானாகப் போகிறது. உண்மையில், அந்த நகரத்தின் கறுப்பினப் பிள்ளை இன்று எப்படிப்பட்ட வகுப்பறையில் உட்காருகிறது என்பதற்குப் பின்னால் சட்டம் இருக்கிறது, கடன் விதி இருக்கிறது, கையெழுத்துப் போட்ட அதிகாரிகள் இருக்கிறார்கள், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் தேதி உண்டு.

ஆட்கள் அங்கே எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். 1914 ஜனவரியில் ஹென்றி ஃபோர்டு நாளுக்கு 5 டாலர் சம்பளம் என்று அறிவித்தார். தெற்கு மாநிலங்களில் அடுத்தவர் நிலத்தில் பருத்தி விளைவித்து, ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன் மட்டுமே மிஞ்சி, ஓட்டுரிமையும் இல்லாமல், அடித்துக் கொன்றால்கூடக் கேட்க நாதியில்லாமல் கிடந்த கறுப்பினக் குடும்பங்களுக்கு வடக்கே போவது என்பது பிழைப்பு மட்டுமல்ல, உயிர் தப்புவதும்கூட. 1910களில் தொடங்கி 1970 வரை சுமார் 60 லட்சம் பேர் தெற்கை விட்டுக் கிளம்பினார்கள். அவர்களில் கணிசமானவர்கள் டெட்ராய்ட்டில் வந்து இறங்கினார்கள். 1950ல் நகரத்தின் மக்கள்தொகை 18.5 லட்சம்.

வேலை கிடைத்தது. குடியிருக்க இடம்தான் கிடைக்கவில்லை. ஊரில் இடம் இல்லாமல் இல்லை, இவர்களுக்குத் தர ஆளில்லை. பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்று ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு பகுதிகளில்தான் பெரும்பாலானவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ வேண்டியிருந்தது. காசு இருந்தால் வெளியே போயிருக்கலாமே என்று தோன்றும். ஒசியன் ஸ்வீட் என்ற கறுப்பின டாக்டர் 1925ல் அப்படித்தான் கார்லண்ட் தெருவில், வெள்ளையர் பகுதியில், வீடு வாங்கிக் குடிபோனார். இரண்டாம் நாள் இரவு பெருங்கூட்டம் கூடி வீட்டின் மேல் கல்லெறிந்தது. உள்ளேயிருந்து துப்பாக்கி வெடித்து வெளியே ஒருவர் இறந்தார். வீட்டுக்குள் இருந்த 11 பேர் மீதும் கொலை வழக்கு. புகழ்பெற்ற வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வாதாடி, மறு ஆண்டு டாக்டரின் தம்பி ஹென்றி விடுதலையானார், மற்றவர்கள் மீதான வழக்கும் கைவிடப்பட்டது. சட்டத்தில் ஜெயித்தார்கள், சரி. ஆனால் படித்த டாக்டருக்கே இந்தக் கதி என்றால் தொழிற்சாலைக் கூலிக்காரர் எந்தத் தைரியத்தில் அந்தப் பக்கம் வீடு தேடுவார்?

கும்பல் கல்லால் செய்த வேலையைச் சத்தமில்லாமல் பத்திரங்கள் செய்துகொண்டிருந்தன. இந்த மனையைக் கறுப்பினத்தவருக்கு விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது என்று கிரயப் பத்திரத்திலேயே நிபந்தனை எழுதுவது அன்று சர்வ சாதாரணம். 1930களில் மத்திய அரசே களத்தில் இறங்கியது. பெருமந்தத்தில் வீட்டை இழக்கவிருந்தவர்களைக் காப்பாற்ற 1933ல் தொடங்கிய அரசு வீட்டுக் கடன் நிறுவனம், 200க்கும் மேற்பட்ட நகரங்களுக்கு வரைபடம் போட்டுப் பகுதிகளுக்குத் தரம் பிரித்தது. பச்சை என்றால் முதல் தரம், அப்புறம் நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. கறுப்பினத்தவர் வாழும் பகுதி என்றால் ஏறத்தாழ எப்போதும் சிவப்புதான். அதைவிடப் பெரிய வேலையைச் செய்தது 1934ல் வந்த மத்திய வீட்டுவசதி நிர்வாகம், அதாவது எஃப்.எச்.ஏ. இந்த நிர்வாகம் உத்தரவாதம் தந்தால் வங்கி குறைந்த வட்டியில் நீண்ட காலக் கடன் தரும், சாதாரணச் சம்பளக்காரர் வீடு வாங்கிவிடலாம், தராவிட்டால் இல்லை. அதன் 1938 கையேடு, பத்திரத்தில் இன நிபந்தனை போடுவதை ஆபத்தைக் குறைக்கும் நல்ல வழியாகவே பரிந்துரைத்தது. வெள்ளையர் நடுத்தர வர்க்கமாக எழுந்து நின்றது பெரும்பாலும் இந்த உத்தரவாதத்தின் மேல்தான்.

இது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதை இன்றும் கையால் தொட்டுப் பார்க்கலாம். நகரத்தின் வடக்கு எல்லையான ‘எட்டு மைல் சாலை’க்குத் தெற்கே ஒரு கறுப்பினக் குடியிருப்பை ஒட்டி 1941ல் ஒரு கட்டுமான முதலாளி வெள்ளையருக்காக வீடுகள் கட்ட முனைந்தார். பக்கத்திலேயே கறுப்பினத்தவர் இருப்பதால் உத்தரவாதம் தர முடியாது என்று எஃப்.எச்.ஏ கைவிரித்தது. உடனே அவர் இரண்டுக்கும் நடுவே அரை மைல் நீளத்துக்கு, ஆறடி உயரத்தில், ஓரடி கனத்தில் கான்கிரீட் சுவர் எழுப்பினார். உத்தரவாதம் வந்துவிட்டது. சுவர் இன்னும் நிற்கிறது. வீடுகளின் கொல்லைப்புறமாக ஓடி, ஒரு சிறுவர் பூங்காவுக்குள் வெளிப்படுகிறது. அந்தத் துண்டில் மட்டும் 2006ல் வண்ண வண்ண வீடுகளும் சோப்புக் குமிழி ஊதும் குழந்தைகளுமாக ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். இப்போது சுவருக்கு இரண்டு பக்கமும் கறுப்பினக் குடும்பங்களே. ஆறடிச் சுவரை எந்தப் பையனும் ஏறிக் குதித்துவிடுவான். ஆளைத் தடுக்க அதைக் கட்டவில்லை, கடன் விண்ணப்பத்தில் காட்டுவதற்காகக் கட்டினார்கள்.

வீட்டைப் பற்றி இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சாதாரணக் குடும்பத்தின் சேமிப்பு என்பதே வீடுதான். வீட்டின் மதிப்பு ஏறினால் அதை வைத்துப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பலாம், வேலை போனால் சமாளிக்கலாம், சாகும்போது பிள்ளைக்கு விட்டுப்போகலாம். இரண்டு தலைமுறைக்கு அந்தக் கதவைச் சாத்தி வைத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க மத்திய வங்கியின் 2022 கணக்கெடுப்பில் பார்க்கலாம்: நடுத்தட்டு வெள்ளைக் குடும்பத்தின் சொத்து மதிப்பு சுமார் 2,85,000 டாலர், கறுப்பினக் குடும்பத்துக்கு 44,900 டாலர். இது சம்பள வித்தியாசம் இல்லை, சொத்து வித்தியாசம். ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கீழே வலை இருக்கிறது, மற்றொன்றுக்கு இல்லை.

1948ல் உச்ச நீதிமன்றம் பத்திரத்தில் எழுதும் இன நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் டெட்ராய்ட்டைச் சேர்ந்த மெக்கீ குடும்பத்தின் வழக்கும் சேர்ந்திருந்தது. ஒரு வழி அடைபட்டதும் வேறு வழி திறந்தார்கள். டெட்ராய்ட்டை ஒட்டிய கிராஸ் பாயின்ட் புறநகர்களில் வீட்டுத் தரகர்கள் ரகசிய மதிப்பெண் முறை ஒன்றை வைத்திருந்தது 1960ல் அம்பலமானது. வீடு வாங்க வருபவரைத் தனியார் துப்பறிவாளர்களை வைத்து விசாரிப்பார்கள்: தோல் எவ்வளவு கறுப்பு, பேச்சில் அந்நிய வாடை அடிக்கிறதா, பழக்கவழக்கம் அமெரிக்கத்தனமாக இருக்கிறதா என்று. போலந்துக்காரருக்கும் இத்தாலியருக்கும் யூதருக்கும் கூடுதல் மதிப்பெண் தேவை. கறுப்பினத்தவரும் ஆசியர்களும் பரீட்சையே எழுத முடியாது.

இதற்கிடையே வேலையும் இடம் மாறியது. 1967 கலவரத்துக்குப் பிறகுதான் தொழில் போனது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்: 1947க்கும் 1963க்கும் இடையிலேயே டெட்ராய்ட் நகரம் 1,34,000 தொழிற்சாலை வேலைகளை இழந்துவிட்டது. 1947க்கும் 1958க்கும் நடுவே மூன்று பெரிய கார் கம்பெனிகளும் சேர்ந்து அந்த வட்டாரத்தில் 25 புதுத் தொழிற்சாலைகள் கட்டின, ஒன்றுகூட நகரத்துக்குள் இல்லை, எல்லாம் புறநகரில். வெள்ளைத் தொழிலாளி எஃப்.எச்.ஏ கடனில் புறநகரில் வீடு வாங்கி வேலைக்குப் பின்னாலேயே போய்விட்டார். கறுப்பினத் தொழிலாளி போக முடியாது. நெடுஞ்சாலை போடுகிறோம், ஊரைப் புதுப்பிக்கிறோம் என்று சொல்லி பிளாக் பாட்டத்தையும் பாரடைஸ் வேலியையும் 1950களில் இடிக்கத் தொடங்கினார்கள். கறுப்பினத்தவரின் கடைகளும் மதுக்கூடங்களும் இசை அரங்குகளும் வரிசையாக இருந்த ஹேஸ்டிங்ஸ் தெரு கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்கு அடியில் போனது. அந்தச் சாலையில் காரை விரட்டிக்கொண்டு புறநகர் வீட்டுக்குப் போனவர்களில் எத்தனை பேர் எதன் மேல் போகிறோம் என்று யோசித்திருப்பார்கள்? 1967 ஜூலையில் 43 பேர் செத்த கலவரம் இத்தனைக்கும் பிறகு வந்தது. அதற்குள் கொள்ளை கொள்ளையாகக் கோபம் சேர்ந்திருந்தது.

இப்போது பள்ளிக்கு வருவோம், இதுவரை சொன்ன எல்லாமே இங்கேதான் வந்து முட்டுகிறது.

அமெரிக்காவில் அரசுப் பள்ளியை மாநில அரசு நேரடியாக நடத்துவதில்லை. பள்ளி மாவட்டம் என்று ஓர் அலகு. அதற்கென எல்லை, அதற்கென வாரியம், பெரும்பாலும் அதற்கென வரி. பிள்ளை எந்த மாவட்ட எல்லைக்குள் குடியிருக்கிறதோ பொதுவாக அங்கேதான் படிக்க வேண்டும். ஆகவே வீடு எங்கே வாங்க முடியும் என்பதைத் தீர்மானித்தவர்கள் பிள்ளை எங்கே படிக்கும் என்பதையும் சேர்த்தே தீர்மானித்துவிட்டார்கள். பள்ளியில் இனப் பிரிவினை கூடாது என்று 1954ல் பிரௌன் வழக்கில் தீர்ப்பு வந்தது. தெற்கில் சட்டம் போட்டுப் பிரித்திருந்தார்கள், அந்தச் சட்டத்தை அடித்துப் போட முடிந்தது. டெட்ராய்ட் மாதிரி வடக்கு நகரங்களில் எந்தச் சட்டப் புத்தகத்திலும் கறுப்புப் பள்ளி வெள்ளைப் பள்ளி என்று எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லாதபடி தெருக்களைப் பிரித்து முடித்திருந்தார்கள்.

1970 ஏப்ரலில் டெட்ராய்ட் பள்ளி வாரியம் சில உயர்நிலைப் பள்ளிகளின் எல்லையை மாற்றி இரு இனப் பிள்ளைகளையும் ஓரளவு கலக்கத் திட்டம் போட்டது. ரொம்பச் சின்னத் திட்டம். மிச்சிகன் சட்டமன்றம் அதைத் தடுக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. திட்டத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட வாரிய உறுப்பினர்களை வாக்காளர்கள் திரும்ப அழைத்துப் பதவியைப் பறித்தார்கள். கறுப்பினத்தவர் உரிமைக்கான பழைய அமைப்பான என்.ஏ.ஏ.சி.பி அதற்கு அப்புறம்தான் நீதிமன்றம் போனது. மில்லிகன் எதிர் பிராட்லி என்று பின்னால் பெயர்பெற்ற வழக்கு அதுதான். மில்லிகன் அப்போதைய ஆளுநர். பிராட்லி, பிள்ளைகளுக்காக வழக்குப் போட்ட டெட்ராய்ட் தாய்.

வழக்கை விசாரித்த நீதிபதி ஸ்டீபன் ராத் தொடக்கத்தில் இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லாதவர். என்.ஏ.ஏ.சி.பி வழக்கறிஞர்கள் கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் செய்தார்கள்: பள்ளியைப் பற்றிப் பேசுவதற்கு முன் வீட்டைப் பற்றிப் பேசினார்கள். கடன் விதிகள், பத்திர நிபந்தனைகள், தரகர் வழக்கங்கள் என்று ஒவ்வொன்றாகச் சாட்சியங்களை வைத்தார்கள். 41 நாள் விசாரணை. முடிவில் ராத் மனம் மாறினார். மத்திய, மாநில, உள்ளூர் அரசுகள் மூன்றும் கடன் நிறுவனங்களோடும் தரகர்களோடும் கைகோத்தே இந்தப் பிரிவினையை உண்டாக்கிக் காப்பாற்றி வந்தன என்று 1971 செப்டம்பரில் எழுதினார். நகரத்துக்குள் மட்டும் பிள்ளைகளைக் கலந்து பயனில்லை, கலக்க வெள்ளைப் பிள்ளைகள் அங்கே மிச்சமில்லை என்பதால் 1972 ஜூனில் டெட்ராய்ட்டோடு 53 புறநகர் மாவட்டங்களையும் சேர்த்து, ஏறக்குறைய 7.8 லட்சம் மாணவர்களை உள்ளடக்கிய திட்டத்துக்கு உத்தரவிட்டார்.

எதிர்ப்பு எப்படி இருந்தது என்பதற்கு இரண்டு சம்பவம் போதும். பக்கத்து ஊரான பான்டியாக்கில் தனி வழக்கொன்றில் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வேறு பள்ளிகளுக்கு அனுப்பிக் கலக்க உத்தரவானபோது, 1971 ஆகஸ்டில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் நிறுத்தி வைத்திருந்த பள்ளிப் பேருந்துகளில் பத்தைக் குண்டு வைத்துத் தகர்த்தார்கள். 1972 மே மாதம், அலபாமாவின் பிரிவினை அரசியலுக்குப் பேர்போன ஜார்ஜ் வாலஸ், வடக்கு மாநிலமான மிச்சிகனில் ஜனநாயகக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளருக்கான உள்தேர்தலில் ஜெயித்தார்.

1974 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ராத்தின் உத்தரவை ரத்து செய்தது. ராத் இரண்டு வாரம் முன்னால் இறந்துபோயிருந்தார். தலைமை நீதிபதி வாரன் பர்கர் எழுதிய தீர்ப்பின் சாரம் இதுதான்: புறநகர் மாவட்டங்கள் தாமே தவறு செய்தன என்று நிரூபிக்காதவரை அவற்றை இதற்குள் இழுக்க முடியாது, மாவட்ட எல்லையைக் கடக்க முடியாது. பெரும்பான்மையோடு சேர்ந்த நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் தனியாக ஒரு குறிப்பும் எழுதினார். டெட்ராய்ட் பள்ளிகளில் கறுப்பினப் பிள்ளைகள் இப்படிக் குவிந்திருப்பதற்குக் காரணம், இடப்பெயர்வு, பிறப்பு விகிதம் போன்ற "தெரியாத, ஒருவேளை தெரிந்துகொள்ளவே முடியாத" காரணிகள் என்றார். 41 நாள் சாட்சியம் சொல்லி, கீழ் நீதிமன்றம் பதிவு செய்து, அரசின் கையேடே கையில் இருக்கும்போது, தெரியாத காரணம் என்று எழுத எப்படி மனசு வந்தது என்று அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு ஆத்திரமாக வருகிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் பிரௌன் வழக்கை வாதாடி ஜெயித்த தர்குட் மார்ஷல் இப்போது நீதிபதியாக மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். நம் பெருநகரங்களைக் கறுப்பு ஒன்று வெள்ளை ஒன்று என இரண்டிரண்டு நகரங்களாகப் பிரிய விடுவது இப்போதைக்குச் சுலபமான வழியாகத் தோன்றலாம், ஆனால் கடைசியில் நம் மக்கள் அதற்காக வருந்துவார்கள் என்று எச்சரித்தார்.

அந்தத் தீர்ப்பு நடைமுறையில் சொன்னது என்னவென்றால், மாவட்ட எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால் யாரும் தொட முடியாது. வசதியுள்ளவர்கள் தாண்டினார்கள். 1960களின் நடுவில் டெட்ராய்ட் அரசுப் பள்ளிகளில் கிட்டத்தட்ட 3 லட்சம் பிள்ளைகள் படித்தார்கள். இன்று சுமார் 50 ஆயிரம். நகரத்தின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் 6,39,111. நகரத்துக்கும் கிராஸ் பாயின்ட்டுக்கும் நடுவே உள்ள எல்லையில் ஆல்டர் சாலை ஓடுகிறது. பள்ளி நிதியை ஆராய்ந்த எட்பில்ட் என்ற அமைப்பு 2016ல் நாடு முழுக்க அக்கம்பக்கத்து மாவட்டங்களை ஒப்பிட்டபோது, ஏழைப் பிள்ளைகளின் விகிதத்தில் மிகப் பெரிய இடைவெளி இந்த எல்லையில்தான் இருந்தது: ஒரு பக்கம் நூற்றுக்கு 49, மறுபக்கம் 7க்கும் கீழே.

பணம் எப்படிப் பிரிகிறது என்பதையும் பார்த்துவிடலாம். இதற்கு டெக்சாஸ் வழக்கொன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாடு முழுமைக்கும் விதியை எழுதியது அதுதான். சான் அன்டோனியோவில் எட்ஜ்வுட் என்ற மாவட்டம், பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அந்த வட்டாரத்திலேயே அதிக விகிதத்தில், சொத்து மதிப்பில் 100 டாலருக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். கிடைத்தது மாணவர் ஒருவருக்கு 26 டாலர். பணக்கார ஆலமோ ஹைட்ஸ்காரர்கள் 85 சென்ட்தான் கட்டினார்கள், மாணவருக்கு 333 டாலர் கிடைத்தது. வீடு மலிவு, அவ்வளவுதான் விஷயம். அதிகம் கட்டியும் குறைவாகக் கிடைக்கிறதே என்று டிமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தந்தையும் மற்ற பெற்றோரும் வழக்குப் போட, 1973ல் உச்ச நீதிமன்றம், மறுபடியும் ஐந்துக்கு நான்கில், கல்வி என்பது அமெரிக்க அரசியல் சட்டம் காக்கும் அடிப்படை உரிமை இல்லை என்று சொல்லிவிட்டது. 1973, 1974 இரண்டு தீர்ப்பையும் சேர்த்து வாசித்தால் நிலைமை புரியும். பிள்ளையும் எல்லையைத் தாண்ட முடியாது, பணமும் தாண்ட வேண்டியதில்லை.

மிச்சிகன் இதில் ஒரு பாதியைச் சரி செய்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். 1994ல் மக்கள் வாக்கெடுப்பில் நிறைவேறிய புரபோசல் ஏ, பள்ளிகளின் அன்றாடச் செலவைப் பெருமளவு சொத்து வரியிலிருந்து மாநில விற்பனை வரிக்கு மாற்றியது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் தருகிறது. ஆனால் கட்டடச் செலவை உள்ளூர் சொத்து வரியிலேயே விட்டுவிட்டார்கள். கூரை, கொதிகலன், குடிநீர்க் குழாய் எல்லாம் அதில்தான் வரும். தலைக்கு இவ்வளவு என்ற கணக்கிலும் ஒரு கண்ணி இருக்கிறது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பிலிருந்து நான்கு பேர் போனால் நான்கு பேரின் பணமும் போகும், ஆனால் ஆசிரியர் சம்பளமோ வெப்பமூட்டும் செலவோ அந்த அளவுக்குக் குறையாது. 1993ல் சார்ட்டர் பள்ளிகளுக்கு, அதாவது அரசுப் பணத்தில் மாவட்ட வாரியத்துக்கு வெளியே தனியாக நடக்கும் பள்ளிகளுக்கு, சட்டம் வந்தது, 1996ல் அக்கம்பக்கத்து மாவட்டங்கள் விரும்பினால் வெளிப்பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்றார்கள். (கிராஸ் பாயின்ட் அதில் சேரவில்லை.) இன்று டெட்ராய்ட் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் நகர மாவட்டத்துக்கு வெளியே படிக்கிறார்கள். மிச்சிகன் சார்ட்டர் பள்ளிகளில் சுமார் 80 சதவீதத்தை நடத்துவது லாப நோக்குள்ள கம்பெனிகள். பள்ளி திறப்பார்கள், ஆள் சேரவில்லை என்றால் மூடுவார்கள், பிள்ளை மறுபடி வேறு பள்ளி தேட வேண்டும். தேர்வு செய்யும் உரிமை என்று பெயர் வைத்தார்கள். கார் இல்லாத தாய்க்கு அதில் எவ்வளவு உரிமை என்று யாரும் கேட்கவில்லை.

நகர மாவட்டத்தின் கதை இன்னும் மோசம். 1999லும், மறுபடி 2009லும், மாநிலம் மக்கள் தேர்ந்தெடுத்த வாரியத்தை ஓரங்கட்டியது. 2009க்குப் பிறகு ஏழு ஆண்டுகள் அவசரகால நிர்வாகிகள் கையில் அதிகாரம். கடன் குறையவில்லை, கூடியது. 2000க்குப் பிந்தைய பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 200 பள்ளிகள் மூடப்பட்டன. 2009ல் தேசிய அளவிலான கணிதத் தேர்வில் டெட்ராய்ட் பிள்ளைகள் எடுத்த மதிப்பெண், அந்தத் தேர்வின் வரலாற்றிலேயே மிகக் குறைவு. 2016 ஜனவரியில் ஆசிரியர்கள் ஒட்டுமொத்தமாக உடம்புக்கு முடியவில்லை என்று விடுப்பு எடுத்துப் பெரும்பாலான பள்ளிகளை மூட வைத்தார்கள். சுவரில் பூஞ்சை, வகுப்பில் எலி, பெயர்ந்து கிடக்கும் தரை என்று படம் எடுத்துப் போட்டார்கள். அந்த ஜூனில் மாநிலம் 61.7 கோடி டாலர் கொடுத்து, பழைய மாவட்டத்தைக் கடனோடு தனியே பிரித்து, புது மாவட்டத்தை உருவாக்கியது. 2018ல் ஈயமும் செம்பும் கலந்திருந்ததால் மாவட்டத்தின் எல்லாப் பள்ளிகளிலும் குடிநீர்க் குழாயை அடைத்தார்கள்.

அதே 2016ல் டெட்ராய்ட் மாணவர்கள் ஏழு பேர், வாசிக்கக் கற்பது எங்கள் உரிமை என்று மாநிலத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்த மனுவை வாசித்தால் தூக்கம் கெடும். ஆசிரியர் இல்லாத வகுப்பு, குளிரில் மேல்கோட்டோடு உட்காரும் பிள்ளைகள், வீட்டுக்குக் கொண்டுபோக முடியாதபடி பகிர்ந்துகொள்ளும் கிழிந்த புத்தகங்கள். ஒரு பள்ளியில் கணித ஆசிரியர் வேலையை விட்டுப் போனபின், எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் ஒரு மாதம் ஏழாம், எட்டாம் வகுப்புகளுக்குக் கணிதம் நடத்தியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பாருங்கள், அந்த மாதம் அவருக்கு யார் கணிதம் சொல்லிக்கொடுத்தார்கள் என்றும் நினைத்துப் பாருங்கள். 2020 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவர் அமர்வு, அடிப்படைக் கல்வி அரசியல் சட்ட உரிமைதான் என்று தீர்ப்பளித்தது. மே மாதம் ஆளுநர் கிரெச்சன் விட்மரோடு சமரசம் ஆனது. அதே மாதம் முழு நீதிமன்றம் மறுவிசாரணைக்கு எடுத்ததால் அந்தத் தீர்ப்பு செல்லாமல் போனது. சமரசத்தில் சொன்ன 9.44 கோடி டாலரைச் சட்டமன்றம் 2023ல் ஒதுக்கியது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்று ஆண்டு என்பது எவ்வளவு பெரிய காலம்!

பெற்றோர் அக்கறை எடுக்க வேண்டாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொரோனாவுக்குப் பிறகு டெட்ராய்ட் மாணவர்களில் பாதிக்கு மேல் பள்ளி நாட்களில் பத்தில் ஒரு பங்கையாவது தவறவிட்டார்கள் என்பது உண்மை. ஏன் என்று உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். உயர்நிலை மாணவருக்குப் பெரும்பாலும் தனிப் பள்ளிப் பேருந்து கிடையாது, நகரப் பேருந்தில் போக வேண்டும், அது நேரத்துக்கு வராது. ஆஸ்துமா அதிகம். அதோடு வீடு நிலைக்காது. சொத்தைச் சந்தை விலையில் பாதிக்கு மேல் மதிப்பிட்டு வரி போடக் கூடாது என்பது மிச்சிகன் அரசியல் சட்டம். ஆனால் 2008 சரிவுக்குப் பின் வீட்டு விலை பாதாளத்துக்குப் போயும் டெட்ராய்ட் நகராட்சி மதிப்பீட்டைக் குறைக்காமல் 2010 முதல் 2016 வரை வீட்டுக்காரர்களிடம் சுமார் 60 கோடி டாலர் அதிகமாக வரி போட்டது என்று ஒரு நாளிதழ் 2020ல் கணக்கெடுத்து வெளியிட்டது. கட்ட முடியாதவர்களின் வீடுகள் வரி பாக்கிக்காக ஆயிரக்கணக்கில் ஏலத்துக்குப் போயின. வீடு மாறினால் பள்ளி மாறும், பள்ளி மாறினால் பாடம் அறுந்துபோகும். இதில் தாயின் அக்கறையை எந்த இடத்தில் அளப்பது?

இது வறுமைப் பிரச்சினைதான், இனப் பிரச்சினை இல்லை என்ற வாதமும் உண்டு. பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியும் அவர் குழுவும் 2018ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது: ஒரே வருமானமுள்ள குடும்பங்களில், ஒரே பகுதியில் வளர்ந்தாலும், கறுப்பினப் பையன் பெரியவனானதும் வெள்ளைப் பையனைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறான்; நாட்டின் பகுதிகளில் 99 சதவீதத்தில் இதே நிலைதான். அதற்காக ஒன்றும் செய்ய முடியாது என்று ஆகிவிடாது. 1971ல் 13 வயதுப் பிள்ளைகளின் வாசிப்பு மதிப்பெண்ணில் கறுப்பு வெள்ளை இடைவெளி 39 புள்ளிகள். தெற்கில் பள்ளிகள் கலந்து, ஏழைகளுக்கான திட்டங்களுக்குப் பணம் வந்த அந்தக் காலகட்டத்தின் முடிவில், 1988ல், அது 18 ஆகக் குறைந்திருந்தது. பிள்ளைகள் மாறவில்லை, ஏற்பாடு மாறியது. பள்ளிச் செலவைப் பன்னிரண்டு ஆண்டும் 10 சதவீதம் கூட்டினால் பெரியவர்களானபின் அவர்கள் சம்பளம் சுமார் 7 சதவீதம் கூடுகிறது என்றும், ஏழைப் பிள்ளைகளுக்குப் பலன் இன்னும் அதிகம் என்றும் 2016ல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

என் பார்வையில் டெட்ராய்ட்டுக்கு இன்னொரு வாசிப்புத் திட்டம், இன்னொரு நிர்வாகி, இன்னொரு சார்ட்டர் கம்பெனி என்று அடுக்கிக்கொண்டே போவதில் அர்த்தமில்லை. அவை தேவையில்லை என்று சொல்லவில்லை, வாசிக்கச் சொல்லித்தரும் ஒவ்வொரு டாலரும் தேவை. ஆனால் எல்லைக் கோட்டை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே மட்டும் பூச்சு வேலை பார்க்கிறார்கள். மிச்சிகனில் 500க்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள் இருக்கின்றன. எல்லாமே மாநிலச் சட்டத்தால் உருவானவை, அதே சட்டத்தால் மாற்றக்கூடியவை. 1974 தீர்ப்பு கட்டிப்போட்டது மத்திய நீதிபதிகளின் கையைத்தான். கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகர மாவட்டத்தையும் அதைச் சுற்றிய ஜெஃபர்சன் கவுன்டி மாவட்டத்தையும் 1975ல், அதாவது டெட்ராய்ட் தோற்ற மறு ஆண்டே, ஒன்றாக இணைத்தார்கள். முதல் இலையுதிர் காலத்தில் அங்கேயும் கலவரம் நடந்தது, பேருந்துகளுக்குக் காவல் போட வேண்டியிருந்தது. மாணவர்களை இனத்தைப் பார்த்துப் பள்ளிக்கு ஒதுக்கும் அவர்களுடைய முறையை 2007ல் உச்ச நீதிமன்றம் ரத்தும் செய்தது. மாவட்டம் மட்டும் உடையவில்லை. நகரத்துப் பிள்ளைக்கும் புறநகர்ப் பிள்ளைக்கும் அங்கே இன்றும் ஒரே வாரியம், ஒரே வரிப்பணம். மிச்சிகன் சட்டமன்றம் இப்படி ஒரு இணைப்பை நிறைவேற்றக் கூடாது என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை.